கேட்பவர்களுக்கு ஏது கோச்சிங்?

தமிழ்நாட்டில் ஒருவர் வேலைக்கு மனுப் போட்டால் போதும், அவருக்குப் பாடம் எடுக்க ஒரு படையே கிளம்பி வந்துவிடும். கதவை எப்படித் தட்டுவது, ‘மே ஐ கம் இன் சார்’ என்பதை எந்தச் சுருதியில் சொல்வது, நாற்காலியில் முதுகு எவ்வளவு படலாம், கையை மேசைமேல் வைப்பதா மடியில் வைப்பதா, எத்தனை பல் தெரியச் சிரிப்பது என்று எல்லாவற்றுக்கும் வகுப்பு உண்டு. வகுப்புக்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டினால் சான்றிதழும் உண்டு. 

அந்த வகுப்பின் உச்சகட்டம், ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்ற கேள்விக்கான பதில். உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. ‘எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது சார், அதுதான் என் பலவீனம்’ என்று சொல்ல வேண்டும். சொல்கிற பையனுக்கும் இது பொய் என்று தெரியும். கேட்கிற அதிகாரிக்கும் தெரியும், ஏனென்றால் அவரும் இதே பொய்யைச் சொல்லித்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். பொய் முறையாக அரங்கேறிய பிறகு, ‘நேர்மை’ என்ற கட்டத்தில் பத்துக்கு எட்டு மதிப்பெண் விழும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு இவ்வளவு பயிற்சி என்றால், அந்தப் பக்கம் இருப்பவர் எந்த கோச்சிங் சென்டரில் படித்தார்? ஒரு மனிதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வரச் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், ரெஸ்யூமேயை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும், எடுக்கவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

நெடுஞ்சாலையை ஒட்டி, ஊர் முடிந்து பொட்டல் ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கும் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரிக்கு கேம்பஸ் நாளன்று போய்ப் பாருங்கள். கம்பெனி ஒன்பது மணிக்கு வருகிறது என்று ஆறு மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, கடன் வாங்கிய ஷூ, முடிச்சுப் போடத் தெரியாமல் ஒருவனுக்கு ஒருவன் மாட்டிவிட்ட டை. பெண் பிள்ளைகள் முடியை எப்படிக் கட்ட வேண்டும் என்று பிளேஸ்மென்ட் ஆபீசர் முந்தின நாளே சுற்றறிக்கை விட்டிருப்பார். ‘பிளேஸ்மென்ட் டிரெயினிங்’ என்ற பெயரில் முதல் வருஷத்திலிருந்தே கட்டணம் கறந்திருப்பார்கள். ஒன்பது மணிக்கு வர வேண்டிய கம்பெனி பதினொன்றரைக்கு வரும். வந்தவர்களுக்கு மாலை, பொன்னாடை, முந்திரி பக்கோடா. பிறகு புரொஜெக்டரில் படம் ஓடும்: ‘நாங்கள் ஒரு குடும்பம்’. சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் கடைசி ஸ்லைடில், பொடி எழுத்தில்.

அப்புறம் ஆப்டிட்யூட் டெஸ்ட். 150 மீட்டர் நீள ரயில் 250 மீட்டர் நீள பிளாட்ஃபாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? வருகிற எல்லாக் கம்பெனிக்கும் இந்த ரயில்மீது அப்படி என்ன அக்கறையோ தெரியவில்லை. அதில் தேறினால் குரூப் டிஸ்கஷன். பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைத் தூக்கிப் போடுவார்கள். சத்தமாகப் பேசியவனுக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது, அடுத்தவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று முடிவாகும். அதையும் தாண்டினால் ஹெச்.ஆர். ரவுண்ட்.

“நேட்டிவ் எங்கப்பா?”

“கள்ளக்குறிச்சி பக்கம் சார்.”

“பக்கம்னா?”

“சின்ன கிராமம் சார், சொன்னா தெரியாது.”

“சொல்லுப்பா, நமக்கு அந்தப் பக்கமெல்லாம் ஆள் இருக்கு. ஊருக்குள்ளயா, தள்ளியா?”

“...கொஞ்சம் தள்ளி சார்.”

“ஓ. ஃபாதர் என்ன பண்றார்?”

சி பிளஸ் பிளஸ் எழுதப்போகிற பையனின் வீடு ஊருக்குள் இருந்தால் என்ன, தள்ளி இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற கேள்வி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும். நேரடியாகக் கேட்டால் அசிங்கம் என்பதால், முகவரி வழியாகச் சுற்றி வருகிறார்கள். இதற்குக் கம்பெனி வைத்திருக்கும் கௌரவமான பெயர் ‘ஃபேமிலி பேக்ரவுண்ட்’.

இது ஏதோ ஒரு அதிகாரியின் கோணல் புத்தி என்று தள்ளிவிட முடியாது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. செய்தித்தாள்களில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த 548 விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, தகுதி எல்லாம் ஒன்றுக்கொன்று சமம். பெயர் மட்டும் வேறு: சிலவற்றில் உயர்சாதிப் பெயர், சிலவற்றில் தலித் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. மேசைக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்த நேர்முகத் தேர்வு இது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதிதான் எல்லாம், சாதியெல்லாம் பார்ப்பதில்லை என்றார்கள் அவர்கள். ஆனால் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்பார்களாம். பின்னணி சரியாக இருந்தால்தான் ஆள் சரியாக இருப்பாராம். சாதியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகக் கூட்டி வந்து நாற்காலி போட்டுக் கொடுப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘மெரிட்’.

பெண்களுக்கு இன்னும் சுருக்கமான தேர்வு. ஒரே கேள்வி: ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு நேர்காணலுக்குப் போன சகோதரிகள் இருவரிடம், வாசலில் நின்ற காவலரே அந்தக் கேள்வியைக் கேட்டு அங்கிருந்தே திருப்பி அனுப்பினார் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் திட்டமிட்டே தவிர்த்தார்கள் என்றது அந்தப் புலனாய்வு. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தப் பட்டியலில் மெட்டியும் இருந்தது. உலகத்தின் நுட்பமான கைபேசியைச் செய்கிற ஆலைக்கு, ஒரு பெண்ணின் கால்விரல் வெள்ளியைச் சமாளிக்கத் தொழில்நுட்பம் போதவில்லை. நிறுவனம் பாகுபாடு காட்டியதை மறுத்தது. 2022இல் ஆளெடுப்பில் சில குறைகள் இருந்ததாகவும் அவற்றைச் சரிசெய்ய நடவடிக்கை எடுத்ததாகவும் சொன்னது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

ஆளெடுக்கும்போது பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ‘திருமணமான பெண்’ என்று தனியாக எழுதவில்லை. மெட்டி போட்டதும் ஒரு பெண் பெண்ணாக இல்லாமல் போய்விடுவார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். ஆணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் ‘பொறுப்பு வந்துடுச்சு, வேலையை விட்டுப் போக மாட்டான்’ என்று அதுவே தகுதியாகிவிடும். தாலி கட்டியவருக்குப் பதவி, கட்டிக்கொண்டவருக்கு வாசலோடு வணக்கம்.

தனியார்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’, பிரசவத்துக்குப் பிறகு வேலையில் சேரலாம் என்று பாரத ஸ்டேட் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வெடித்ததும் 2022 ஜனவரி கடைசியில் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜூனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்கும் இதே மாதிரியான விதிக்காக டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தாய்மையைப் போற்றிக் கவிதை படிக்க மேடை மேடையாக இடம் இருக்கிறது. கவுன்ட்டரில் உட்கார மட்டும் இடமில்லை.

சரி, இத்தனை அவமானத்துக்குப் பிறகு இந்த நேர்முகத் தேர்வு நல்ல ஆளையாவது கண்டுபிடிக்கிறதா? ஜேசன் டானாவும் அவரது சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். மாணவர்கள் சக மாணவர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் வாங்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினரிடம், கேள்வியின் பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு விதிப்படி ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஏனோதானோவென்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். பேட்டி கண்டவர்கள் யாரும் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. பேட்டியே காணாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்தபோதுதான் கணிப்பு சரியாக வந்தது. உளறலைக் கேட்டுவிட்டு ‘ஆளை எடைபோட்டுவிட்டேன்’ என்று மீசையை முறுக்குகிறவர்கள் கையில்தான் நம் பிள்ளைகளின் பிழைப்பு இருக்கிறது.

புதிர்க் கேள்விகளின் தாய்வீடு என்று பெயர் வாங்கிய கூகுளே, அந்தப் புதிர்களால் காலணாவுக்குப் பயனில்லை என்று ஒப்புக்கொண்டது. கேட்பவர் தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொள்ள மட்டுமே அவை உதவும் என்று 2013இல் சொன்னவர், அப்போது அங்கே ஆளெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக். செய்தி இன்னும் நம் ஊருக்கு வந்து சேரவில்லை. பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று இங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூடியைத் திறந்து உள்ளே இறங்கி மூச்சடைத்துச் சாகிறவரை வேலைக்கு எடுக்க மட்டும் ஆப்டிட்யூட் இல்லை, குரூப் டிஸ்கஷன் இல்லை, ஹெச்.ஆர். ரவுண்ட் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த நாட்டில் ஒரே சுற்றில் முடிகிற ஆளெடுப்பு அது ஒன்றுதான்.

நேர்முகத் தேர்வு என்பது சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் திறந்துவைத்த கதவு என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டது. கீழ்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூ எதற்கு என்று 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் கேட்டார். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி, கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கு நேர்முகத் தேர்வு போனது. குமாஸ்தாவை எடுக்க முகம் பார்க்கத் தேவையில்லை என்று அரசு சொன்னபோது, தனியார் கம்பெனிகள் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டு போயின.

மனிதன்தானே பாரபட்சம் பார்க்கிறான், இயந்திரத்திடம் விடுவோம் என்று இப்போது புதுப் பஜனை. அமேசான் அதையும் செய்து பார்த்தது. பழைய ரெஸ்யூமேக்களைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், ஆண்தான் நல்ல ஆள் என்று அது கற்றுக்கொண்டது. ‘பெண்கள்’ என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பைக் குறைத்தது. கடைசியில் திட்டத்தையே மூட்டை கட்டினார்கள். 2018இல் இந்தச் செய்தி வெளிவந்தது. நம் பையன்களோ இன்று லேப்டாப் கேமராவைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே மனிதர் யாருமில்லை. எதற்கு மதிப்பெண் விழுந்தது, எதற்குக் குறைந்தது என்று சொல்லவும் ஆளில்லை.

எல்லாச் சுற்றையும் தாண்டி ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா சாமிக்குப் படையல் போட்டாயிற்று. கல்லூரி ஃபிளெக்ஸ் அடித்தாயிற்று. பையன் முகத்துக்குக் கீழே சம்பளம், வருஷக் கணக்கில். மாசக் கணக்கில் போட்டால் ஃபிளெக்ஸுக்கு அழகில்லை. ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஏறத்தாழ அதே 3, 4 லட்சம்தான். டீ விலை ஏறியது, வாடகை ஏறியது, கல்லூரிக் கட்டணம் ஏறியது. இது மட்டும் ஏறவில்லை. 2024இல் காக்னிசன்ட் ஆண்டுக்கு 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்து ஊரே சிரித்தது. மாதம் 21,000. உடனே நிறுவனம் விளக்கம் கொடுத்தது: அது பொறியியல் படித்தவர்களுக்கு அல்ல, மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கு. நமக்கும் நிம்மதி. பி.எஸ்ஸி. படித்தவனுக்குப் பசி கொஞ்சம் கம்மிதானே.

ஆஃபர் கையில் இருக்கிறது என்றால் வேலை இருக்கிறது என்று பொருளல்ல. இன்ஃபோசிஸ் 2022இல் தேர்வு செய்த பட்டதாரிகளில் ஏறத்தாழ 2,000 பேர் சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள் என்று புனேயைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் அமைப்பு ஒன்று தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. 2024இல் ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்புக் கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்றது நிறுவனம். இரண்டு வருஷம் வாசலில் உட்கார வைத்தபோது படித்தது மறந்துபோகும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? காத்திருந்த காலத்துக்குச் சம்பளம் கிடையாது. கல்விக்கடன் வட்டி மட்டும் காத்திருக்கவில்லை.

வேலையை நீங்களாக விட்டால் கதை வேறு. பாண்ட் இருக்கிறது. மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என்று, ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிப்போம். ‘மூன்று ஆண்டு முடியும் முன் உங்களை அனுப்பினால் நாங்கள் 2 லட்சம் தருகிறோம்’ என்று பதிலுக்கு எழுதிக் கொடுத்த கம்பெனி ஒன்றைக் காட்டுங்கள், அதையும் மதிப்போம்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய அயோக்கியத்தனம், பதில் சொல்லாமல் இருப்பது. நான்கு சுற்று முடித்து, ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, லாட்ஜில் தங்கி, ‘வில் கெட் பேக் டு யூ’ என்ற வார்த்தையை நம்பி ஊர் திரும்பியவன், அதன் பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருப்பான். மெயில் போட்டால் பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. பெண் பார்க்க வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவர்கள்கூட ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று சொன்னால், ஜாதகம் பொருந்தவில்லை என்றாவது ஒரு வரி எழுதுவார்கள். ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து உலகத்துக்கே மெயில் சர்வர் நடத்துகிற கம்பெனிகளுக்கு ‘எடுக்கவில்லை’ என்று ஒரு வரி தட்ட நேரமில்லை.

இதெல்லாம் சந்தையின் விதி, ஒன்றும் செய்ய முடியாது என்று சூட்டுப் போட்டவர்கள் சொல்வார்கள். செய்ய முடியும். தமிழர்கள் பெருவாரியாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு யாரையாவது நேர்காணல் செய்தால், எடுத்தார்களா இல்லையா என்பதை 45 நாளுக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். சம்பளத்தை விளம்பரத்திலேயே போட வேண்டும். ரெஸ்யூமேயை இயந்திரம் சலிக்கிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதியோ, பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதையே தடுக்கிறது. அங்கேயும் இதே மாதிரி கம்பெனிகள்தான், இதே லாப ஆசைதான். சட்டம் கேள்வி கேட்கிறது, அதனால் பதில் சொல்கிறார்கள்.

நம் பிள்ளைகளிடமும் கடைசியில் ஒரு மரியாதைக்குக் கேட்பார்கள்: ‘உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?’ ‘இல்லை சார், தேங்க் யூ சார்’ என்று சொல்லத்தான் கோச்சிங்கில் பழக்கியிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, சேரும் தேதி எது, முடிவை எப்போது சொல்வீர்கள், என் அப்பாவின் தொழில் உங்களுக்கு எதற்கு என்று கேட்கச் சொல்லலாம்தான். வீட்டில் கடன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிற பிள்ளையைக் கேட்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சார்பில் அரசு கேட்க வேண்டும். நிலம் கொடுத்து, மானியம் கொடுத்து, மின்சாரம் கொடுத்துக் கம்பெனிகளை அழைத்து வருகிற அரசுக்கு, நான்கு வரி நிபந்தனை போட உரிமை இருக்கிறது. விளம்பரத்தில் சம்பளம் போடு. ஊரையும் தெருவையும் மெட்டியையும் கேட்காதே. ஆஃபரில் சேரும் தேதி போடு, தவறினால் அன்றிலிருந்து சம்பளம் கொடு. எடுத்தாயா இல்லையா என்று பதில் சொல்.

ஒன்டாரியோ மாதிரி 45 நாளுக்குள் சொல்லுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவனிடம் நோட்டீஸ் பீரியட் என்று 90 நாள் கறாராக வாங்குகிறீர்களே, அதே 90 நாளை உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.